கார்னியா ஸ்க்ரேப்பிங்கில் ஹெர்பெஸ்: செய்முறைத் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு

கார்னியாவில் (கண்ணின் முன்பக்கத் தெளிந்த படலம்) ஹெர்பெஸ் வைரஸ் உண்டாக்கும் கிளைவிட்ட புண்ணைப் பார்த்ததும் "டென்ட்ரிட்டிக் அல்சர், பிசிஆர் அனுப்புவேன்" என்று சொல்வது சுலபம் (பிசிஆர் என்பது சுரண்டி எடுத்த மாதிரியில் வைரஸின் டிஎன்ஏவைப் பெருக்கித் தேடும் சோதனை). எக்ஸாமினர் அதற்குப் பிறகுதான் ஆரம்பிப்பார்: முதலில் எதைச் செய்வீர்கள்? மார்க் போவது பெரும்பாலும் இந்த வரிசையில்தான்.

முதல் வேலை, கார்னியாவின் தொடு உணர்ச்சியைப் பார்ப்பது. பஞ்சு நுனியைத் திரித்துப் பக்கவாட்டில் கொண்டுவந்து தொட்டு, இரண்டு கண்ணையும் ஒப்பிடுங்கள். மரத்துப்போகும் சொட்டு விட்ட பிறகு இது நினைவுக்கு வந்து பயனில்லை.

அடுத்தது சாயம். ரோஸ் பெங்கால் வைரஸையே செயலிழக்கச் செய்யும். அதைப் போட்டபின் எடுத்த மாதிரி கல்ச்சரில் (லேபில் வைரஸை வளர்த்துப் பார்க்கும் சோதனை) வளராது, பிசிஆரிலும் பொய்யாக நெகட்டிவ் வரலாம். ஃப்ளோரசின் கெடுப்பது வேறு விதம்: இம்யூனோஃப்ளோரசென்ஸில் (ஒளிரும் ஆன்டிபாடியால் வைரஸை அடையாளம் காண்பது) நாம் தேடுவதும் அதே பச்சை ஒளியைத்தான். ஆகவே மாதிரி முதலில், சாயம் பிறகு. ஏற்கெனவே சாயம் போட்டு வந்த நோயாளி என்றால் சலைனால் நன்றாகக் கழுவிவிட்டு, அதை லேப் படிவத்திலும் எழுதுங்கள்.

மரத்துப்போகும் சொட்டான புரோபராகெயின் 0.5 சதவீதம் விட்டு, ஸ்லிட் லாம்ப்பில் (கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் கருவி) வைத்து, கிமுரா ஸ்பேச்சுலா என்ற மெல்லிய தட்டைக் கருவியால் அல்லது 15ஆம் நம்பர் பிளேடால் சுரண்டுங்கள். எங்கே என்பதுதான் கேள்வி. புண்ணின் நடுவில் எபிதீலியமே (கார்னியாவின் மேல் செல் அடுக்கு) இல்லை. அங்கே சுரண்டினால் ஸ்லைடு காலியாகத்தான் இருக்கும். வைரஸ் நிறைந்த, உப்பிய செல்கள் விளிம்பிலும் கிளை நுனியின் குமிழிலும் இருக்கின்றன. இமையும் ரோமமும் படக்கூடாது.

ஸ்வாபுக்கு டாக்ரான் நுனி, பிளாஸ்டிக் காம்பு. கால்சியம் ஆல்ஜினேட்டும் மரக்குச்சியும் வேண்டாம், இரண்டுமே சோதனையைத் தடுக்கும். கார்னியாவிலிருந்து கிடைப்பதே துளி. அதை நிறைய டிரான்ஸ்போர்ட் மீடியத்தில் போட்டால் நீர்த்துவிடும். 2 முதல் 8 டிகிரியில் வைத்து 48 மணி நேரத்துக்குள் லேபுக்குச் சேர்க்க வேண்டும். தாமதமானால் மைனஸ் 70 டிகிரி. வார்டு ஃப்ரீஸரின் மைனஸ் 20 கல்ச்சருக்கு ஆகாது, வைரஸ் உயிர்த்திறனை இழந்துவிடும்.

ஸ்லைடில் செல்களை நிலைநிறுத்த, ஜீம்சா சாயத்துக்கு மெத்தனால், இம்யூனோஃப்ளோரசென்ஸுக்குக் குளிர்ந்த அசிட்டோன் 10 நிமிடம். கூடவே பாக்டீரியாவுக்குக் கிராம், பூஞ்சைக்குக் கேஓஹெச் ஸ்லைடுகளும் கட்டாயம். தென்னிந்தியாவில் பூஞ்சைப் புண் சர்வசாதாரணம். அகாந்தமீபா என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணியும் ஆரம்பத்தில் ஹெர்பெஸ் போலவே கிளைவிட்டு ஏமாற்றும்.

ஜீம்சாவில் தெரிவது பல உட்கருக்கள் நெருக்கியடித்துக் கிடக்கும் ராட்சத செல்கள். கௌட்ரி ஏ உட்பொருளை (வைரஸ் தாக்கிய உட்கருவுக்குள் தெரியும் திரள்) அதில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள், அதற்குப் பாப்பனிகோலாவ் சாயமே சரி. எதில் பார்த்தாலும் ஹெச்எஸ்வியா (ஹெர்பெஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸ்) வேரிசெல்லா ஜோஸ்டரா (அக்கி வைரஸ்) என்று செல்லின் வடிவத்தை வைத்துப் பிரிக்க முடியாது. நுனிக் குமிழ் இல்லாத, மேடான போலிக் கிளையும் மூக்கு நுனிக் கொப்புளமும் இருந்தால் ஜோஸ்டரை நினைக்கலாம். உறுதி சொல்வது பிசிஆரும் டைப் பிரிக்கும் ஆன்டிபாடியும்தான்.

பிசிஆர் முடிவைப் படிக்கும்போது நிதானம் வேண்டும். புண்ணே இல்லாதவரின் கண்ணீரிலும் ஹெச்எஸ்வி டிஎன்ஏ அவ்வப்போது கசியும். எனவே பாசிட்டிவ் என்றால் கண்ணில் தெரிவதோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். நெகட்டிவ் என்றால் முதலில் பீட்டா குளோபின் கன்ட்ரோலைப் பாருங்கள், மாதிரியில் மனித செல் இருக்கிறதா என்று அதுதான் காட்டும். மனித மரபணுவே எழும்பவில்லை என்றால் அது நெகட்டிவ் அல்ல, மாதிரி போதவில்லை. ஹெர்பெஸ் மருந்தான அசைக்ளோவிர் தொடங்கியபின் எடுத்ததா என்றும் கேளுங்கள். எபிதீலியம் மூடிய ஸ்ட்ரோமல் கெராட்டைட்டிஸில் (கார்னியாவின் நடு அடுக்கு அழற்சி) மேலே சுரண்டிப் பயனில்லை. சைட்டோமெகலோவைரஸ் எண்டோதீலியைட்டிஸ் (கார்னியாவின் உள் அடுக்கு அழற்சி) சந்தேகமென்றால் எடுக்க வேண்டியது கார்னியாவுக்குப் பின்னால் உள்ள முன்னறை நீர்.

"ரத்தத்தில் ஐஜிஜி பார்ப்பேன்" என்று மட்டும் வாய்தவறிச் சொல்லிவிடாதீர்கள். பழைய தொற்றையும் காட்டும் அந்த ஆன்டிபாடி பெரியவர்களில் பெரும்பாலோருக்குப் பாசிட்டிவாகவே இருக்கும், கண்ணில் என்ன நோய் இருந்தாலும்.