மொழிபெயர்க்காமல் விட்ட ஒரு வரி

"கரும்புக்குப் போனவன் திரும்பலன்னு எங்க ஆயா சொல்லும்."

ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த ஒரு வயதான அம்மா சொன்னது இது. பூர்வீகம் தேடி வருகிறவர்களோடு ஊர் ஊராகப் போய், யார் என்ன சொன்னாலும் ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்வதுதான் என் வேலை. பன்னிரண்டு வருடமாகச் செய்கிறேன். அன்றைக்கு அந்த ஒரு வரியை மட்டும் சொல்லாமல் விட்டேன்.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருந்து வந்திருந்த பெண்மணிக்கு எழுபது வயதுக்கு மேல். கையில் ட்ரூரோ கப்பலின் ஆள் பட்டியலில் ஒரு பக்கத்தின் நகல். 1860 அக்டோபரில் மெட்ராஸில் கிளம்பி நவம்பர் 16 அன்று டர்பனில் கரை சேர்ந்த கப்பல் அது. 342 பேர். இந்தியாவில் இருந்து, டர்பன் இருந்த நேட்டால் காலனிக்குப் போன முதல் ஒப்பந்தக் கூலிகள் அவர்கள்தான். அங்கே கரும்பு புதிதாக வேரூன்றிக்கொண்டிருந்த சமயம். அந்த மண்ணின் ஜூலு மக்களுக்குச் சொந்த நிலமும் மாடும் இருந்தன. தோட்டக்காரர்கள் கொடுத்த கூலிக்கு மாதக்கணக்கில் கட்டுப்பட்டுக் கிடக்க அவர்கள் வரவில்லை. அதனால் கடல் தாண்டி ஆள் பிடித்தார்கள். ஐந்து வருட ஒப்பந்தம், முதல் வருடம் மாதம் பத்து ஷில்லிங். போனவர்களில் எத்தனை பேருக்கு அந்த ஒப்பந்தத்தைப் படிக்கத் தெரிந்திருக்கும்?

பட்டியலில் எண், பெயர், அப்பா பெயர், வயது, சாதி, ஊர் என்று கட்டம் கட்டமாக இருக்கும். இவருடைய முன்னோருக்குச் சாதிக் கட்டத்தில் 'மலபார்' என்று இருந்தது. அன்றைக்கு ஆங்கிலேயர்கள் தமிழர்களை மலபார் என்பார்கள், தெலுங்கர்களை ஜெண்டூ என்பார்கள். எழுதிய குமாஸ்தாவுக்கு அதுவே போதுமாக இருந்திருக்கிறது. ஊருக்குள் நுழைந்தபோது அது போதவில்லை.

கோயில் திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவர் முதலில் கேட்டதே, "அந்தம்மா என்ன ஆளுங்க?" என்றுதான். நான் 'தெரியலைங்க' என்று சொல்லியிருக்கலாம். அதுதான் உண்மை. ஆனால் தெரியவில்லை என்றால் அந்த ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்பதும் எனக்குத் தெரியும். கோயில் பூட்டித்தான் இருக்கும், சாவி வைத்திருப்பவர் வெளியூர் போயிருப்பார். டர்பன்காரருக்கோ அன்று ராத்திரியே விமானம். ஊர்த்தெருவில் பெரும்பாலானவர்கள் எந்தச் சாதியோ, அதன் பெயரைச் சொன்னேன்.

உடனே எல்லாம் மாறியது. சாவி வந்தது, மாலை வந்தது, யாரோ ஓடிப்போய் இளநீர் வெட்டிக்கொண்டு வந்தார்கள். "நம்ம வீட்டுப் பொண்ணு" என்று ஒருத்தர் கையைப் பிடித்துக்கொண்டார். டர்பன்காரர் விளக்கேற்றிவிட்டு, தரையில் உட்கார்ந்து அழுதார். பிரகாரத்து மண்ணை ஒரு சின்ன டப்பாவில் அள்ளிக்கொண்டார். அதைப் பார்த்தபோது, செய்தது சரிதான் என்று மனதார நினைத்தேன்.

காருக்குத் திரும்பும்போதுதான் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்து அந்த வரி வந்தது. அங்கே இருந்த தெரு எது என்று தனியாக எழுத வேண்டியதில்லை. காரில் ஏறப்போனவர் சட்டென்று நின்றுவிட்டார்.

"ஆயா? ஆயா என்றாரா? நாங்களும் பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுவோம். என்ன சொல்கிறார்?"

அவருக்குத் தெரிந்த தமிழ் அப்படிப் பத்து இருபது வார்த்தைகள்தான். அதில் ஒன்று ரோட்டைத் தாண்டி வந்து அவரைப் பிடித்துக்கொண்டது. என் பக்கத்தில் கோயில் சாவியோடு பெரியவர் நிற்கிறார். நான் சொன்னேன்: "நல்லா இருங்கன்னு வாழ்த்துறாங்க."

அவர் அந்தப் பக்கம் பார்த்துக் கும்பிட்டார். அந்த அம்மாவும் கும்பிட்டார். நடுவில் ஒரு ரோடு, அவ்வளவுதான்.

இதைப் பல விதமாக எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன். அந்த ஒரு வரியை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. வட ஆற்காடு, செங்கல்பட்டுப் பக்கமெல்லாம் எத்தனையோ ஊர்களில் இருந்து நேட்டாலுக்கு ஆள் போனார்கள். 1911 வரை இந்தியாவில் இருந்து மொத்தம் ஒன்றரை லட்சம் பேர். அந்தப் பாட்டி சொன்னவன் வேறு யாராகவும் இருக்கலாம். நேட்டாலில் இறங்கிய பிறகு பெயரையும் சாதியையும் மாற்றிக்கொண்டவர்கள் உண்டு. அது அவர்களாகச் செய்துகொண்டது. இப்படிப் பேசிக்கொண்டே வந்தால் மனது கொஞ்சம் ஆறும். அப்புறம் அந்த 'ஆயா' ஞாபகம் வரும். நான் வாயைத் திறந்திருந்தால் அவர் கட்டாயம் ரோட்டைத் தாண்டியிருப்பார். தாண்டியிருந்தால் இந்தப் பக்கம் கொடுத்த மாலைக்கு என்ன ஆகியிருக்கும் என்று பயந்தேன். அவருக்காகப் பயந்தேனா, பொய் சொன்ன எனக்காகவா? எனக்காகத்தான் என்று சில நாள் தோன்றும். சில நாள், இல்லை, எழுபது வயதில் ஒருத்தரை அந்த ஊர் நடுவில் அவமானப்படுத்த விடக் கூடாது என்றுதான் பேசாமல் இருந்தேன் என்றும் தோன்றும்.

அதற்குப் பிறகு அந்த வழியாக இரண்டு தடவை போனேன். நிறுத்தவில்லை.

வருடா வருடம் நவம்பர் 16 அன்று அவர் ஒரு படம் அனுப்புவார். பூஜை அலமாரியில் விளக்கு, பக்கத்தில் அந்த மண் டப்பா. இந்த வருடம் படத்தோடு ஒரு கேள்வியும் வந்தது. ஜனவரியில் பேரன் வருகிறானாம். முன்னோர் இருந்த தெரு எது, அதை அவனுக்குக் காட்ட முடியுமா என்று கேட்டிருக்கிறார்.

இன்னும் பதில் போடவில்லை.