வேதாரண்யம் லிங்க்: பழுது பார்த்த நாட்கள்

அக்டோபர் 3, 2025, வெள்ளி

முந்தாநாள் ஆயுத பூஜைக்கு என் ஹாம் ரேடியோ (அமெச்சூர் வானொலி) செட்டுகளுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்த கையோடு சார் போன் செய்தார். "தம்பி, நம்ம லிங்க் பேரு லிஸ்ட்ல வருது. ஆனா கூப்பிட்டா ஒருத்தரும் வரலை. அவங்க கூப்பிட்டாலும் இங்க ஒண்ணும் கேக்கலை." லிங்க் என்றது, ஹாம் செட்டை இணையத்தோடு சேர்க்கும் அவருடைய எக்கோலிங்க் பெட்டியை. இன்று மன்னார்குடியிலிருந்து திருத்துறைப்பூண்டி வழியாகப் பஸ் பிடித்து வேதாரண்யம் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று.

சாருக்கு எழுபத்தைந்து வயது. எனக்கு மோர்ஸ் சொல்லிக்கொடுத்தவர். 2018 நவம்பர் 16 விடியலுக்கு முன் கஜா கரை கடந்தபோது அவர் வீட்டு ஆன்டெனா கம்பமும் தோப்பில் முக்கால்வாசித் தென்னையும் சாய்ந்தன. தென்னம்பிள்ளைகளைத் திரும்ப நட்டுவிட்டார், இப்போதுதான் காய்க்கத் தொடங்கியிருக்கின்றன. பெரிய கம்பத்தை மட்டும் மறுபடி நிறுத்தவில்லை. தூரத்து நண்பர்கள் கூடும் ஞாயிறு காலை நெட்டில் (செட்டுகள் வழியே நடக்கும் கூட்டுப் பேச்சு) சேர அவருக்கு இருக்கும் வழி இந்த எக்கோலிங்க் பெட்டி ஒன்றுதான்.

பெட்டி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. மாடி அறையில் ஒரு பழைய மொபைல் ரேடியோ செட் (போன் அல்ல, வண்டியில் பொருத்தும் வகை), ராஸ்பெர்ரி பை என்ற ஒரு கையடக்கக் கணினி, இரண்டுக்கும் நடுவே கட்டைவிரல் அளவில் ஒரு யூ.எஸ்.பி. சவுண்ட் கார்டு. சார் தோப்பில் நின்று கைசெட்டில் பேசினால் மாடி செட் வாங்கி பைக்குக் கொடுக்கும். அதில் ஓடும் எஸ்.வி.எக்ஸ்.லிங்க் மென்பொருள் குரலைப் பாக்கெட்டுகளாக்கி (சின்னச் சின்னத் தரவுத் துண்டுகளாக்கி) இணையத்தில் அனுப்பும். எதிர்முனைக் குரல் அதே வழியில் திரும்பி வரும்.

எக்கோலிங்கில் இணைந்திருப்பவர்களின் பட்டியலில் பெயர் வருகிறது என்றதுமே பாதி புரிந்துவிட்டது. இணையத்தில் தரவு அனுப்பும் முறைகள் இரண்டு, டி.சி.பி., யூ.டி.பி.; பக்கத்தில் வரும் எண் போர்ட், அதாவது வாசல் எண். பெயர் பதிவது டி.சி.பி. 5200 வழியாக. அது உள்ளேயிருந்து வெளியே போகும் அழைப்பு என்பதால் தடையில்லை. குரல் போவது யூ.டி.பி. 5198, இணைப்பைக் கட்டுப்படுத்துவது 5199. இந்த இரண்டுக்கும் வெளியிலிருந்து உள்ளே வழி திறந்திருக்க வேண்டும். ரவுட்டரில் சார் சரியாகத்தான் திறந்து வைத்திருந்தார். ஆனால் ரவுட்டரின் வெளிமுக முகவரியைப் பார்த்தேன்: 100.72 என்று தொடங்கியது. 100.64 முதல் 100.127 வரை உள்ளவை பொது முகவரிகளே அல்ல, இணைய நிறுவனங்கள் தங்கள் வலைக்குள் வைத்துக்கொள்ளும் எண்கள். பல வீடுகளுக்கு ஒரே பொது முகவரி, அதன் கதவு நம் கையில் இல்லை. வீட்டு ரவுட்டரில் எத்தனை போர்ட் திறந்தாலும் வெளிவாசல் பூட்டித்தான் இருக்கும்.

"அப்ப என் பேத்தி போன்ல மட்டும் எப்படிப் பேசுது?" என்று கேட்டார். நல்ல கேள்வி. போன் ஆப் நடுவில், இரு பக்கமும் பேச்சைக் கடத்தும் ஒரு ரிலே சர்வரைப் பிடித்துக்கொள்கிறது, அதற்கு வாசல் திறக்கத் தேவையில்லை என்றேன். தலையாட்டிவிட்டு நோட்டில் எழுதிக்கொண்டார்.

அக்டோபர் 5, ஞாயிறு

முதலில் ஒரு பொது ப்ராக்ஸி (நமக்காக நடுவில் நின்று தரவை வாங்கிக் கொடுக்கும் சர்வர்) வழியாக முயன்றோம். இணைப்பு வந்தது. ஆனால் ப்ராக்ஸிக்கும் நமக்கும் நடுவே எல்லாம் டி.சி.பி.யில்தான் போகும். ஒரு பாக்கெட் தொலைந்தால் அது திரும்ப வரும்வரை பின்னால் உள்ளவையும் காத்து நிற்கும். கோப்பு அனுப்ப அது நல்ல குணம். பேச்சுக்கு ஆகாது: தாமதமாக வந்த அசையைவிட வராமலே போன அசை மேல்.

அதனால் மும்பையில் பொது முகவரியோடு ஒரு சிறிய வாடகை சர்வர் எடுத்து, அதற்கும் பைக்கும் நடுவே வயர்கார்டு என்ற மென்பொருளால் இணையத்துக்குள் ஒரு தனிச் சுரங்கம் போட்டேன். எக்கோலிங்கின் போக்குவரத்து முழுவதும் அந்த வழியாகவே வெளியே போகும்படி செய்தேன். பதிவு ஒரு முகவரியிலிருந்தும் குரல் வேறொன்றிலிருந்தும் போனால் எதிர்முனை தவறான கதவைத் தட்டும். 5198, 5199 இரண்டையும் சர்வரிலிருந்து பைக்குத் திருப்பிவிட்டேன். 25 வினாடிக்கு ஒருமுறை ஒரு சின்னப் பாக்கெட் போய்க்கொண்டே இருப்பதால் நடுவில் உள்ள வலை இந்த வழியை மறக்காது.

சோதனை எண் 9999ஐக் கூப்பிட்டோம். நாம் பேசியதைத் திருப்பிச் சொல்லும் நிலையம் அது. சார் பேசினார், தன் குரலே திரும்பி வந்ததைக் கேட்டார். முகம் மலரவில்லை. "வருது தம்பி, ஆனா விக்கி விக்கி வருது" என்றார்.

அக்டோபர் 7, செவ்வாய்

சுரங்கம் வந்தபின் ஒரு வசதி: மன்னார்குடியிலிருந்தே பைக்குள் நுழைந்து பார்க்கலாம்.

9999 நாம் சொன்னதைத் திருப்பிச் சொல்வதால் விக்கல் போகும்போது விழுந்ததா, வரும்போது விழுந்ததா என்று தெரியாது. இரண்டு திசைகளையும் பிரித்துத்தான் பார்க்க வேண்டும். இன்று வரும் திசை மட்டும். ஒரு நண்பரை லிங்கில் இடைவிடாமல் எண்ணச் சொல்லிவிட்டு, பாக்கெட்டுகளைக் கண்காணிக்கும் டி.சி.பி.டம்ப் கருவியை ஓட்டி 5198இல் வருவதைப் பார்த்தேன்.

எக்கோலிங்கின் குரல் பாக்கெட் 144 பைட். அதில் 12 தலைப்பு, மீதி 132இல் 33 பைட் வீதம் நான்கு சட்டகங்கள், அதாவது ஜி.எஸ்.எம். முறையில் சுருக்கிய குரல் துண்டுகள். ஒரு சட்டகம் 20 மில்லிவினாடிப் பேச்சு. ஆகவே 80 மில்லிவினாடிக்கு ஒரு பாக்கெட் வர வேண்டும். கணக்குப் போட்டால் வினாடிக்குச் சுமார் 14 கிலோபிட், அவ்வளவே. சார் வீட்டு ஃபைபரின் வேகத்துக்கு இது தூசு. இருந்தும் விக்கியது. பாக்கெட்டுகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை மில்லிவினாடியில் பாருங்கள்:

80, 81, 79, 80, 82, 411, 1, 1, 1, 0, 80...

ஒன்றும் தொலையவில்லை. அரை வினாடிக்குக் கொஞ்சம் குறைவாக எங்கோ தங்கிவிட்டு ஐந்து பாக்கெட்டும் ஒன்றாக வந்து விழுகின்றன, திருவிழாக் காலத்து டவுன் பஸ் மாதிரி. கையிருப்பு ஒலி அதற்குள் தீர்ந்துவிடுகிறது, காதுக்கு அது விக்கல்.

எங்கே தங்கின? அதே நேரத்தில் மும்பை சர்வரிலும் பார்த்தேன். அங்கே 80, 80, 79, 81. ஒழுங்காகப் புறப்படுகின்றன. பைக்கு வந்து சேரும்போதுதான் இப்படி. இடையில் இருப்பவை ஃபைபர், ரவுட்டர், வைஃபை. வைஃபை மேல்தான் எனக்குச் சந்தேகம்.

அக்டோபர் 8, புதன்

பையின் வைஃபையில் மின்சேமிப்பு முறை இயங்கிக்கொண்டிருந்தது. வேலையில்லாத கணங்களில் கண்ணயர்ந்து, அவ்வப்போது விழித்து, ரவுட்டரிடம் "எனக்கு ஏதும் இருக்கிறதா" என்று கேட்கும் முறை. இணையதளம் பார்க்கிறவருக்கு இது தெரியவே தெரியாது. ஒரே கட்டளையில் அணைத்தேன். இடைவெளி 411இலிருந்து 95க்குள் வந்தது. சார் பேத்தியை விட்டு ரவுட்டருக்கும் பைக்கும் லேன் கேபிளே போட்டுவிட்டார். இப்போது 79, 80, 81 தவிர வேறு எண் இல்லை.

அக்டோபர் 11, சனி

போகும் திசை. இதற்கு நேரில் வந்தே ஆக வேண்டும்.

நண்பர்கள் சொன்ன புகார் இரண்டு: சார் குரல் கரகரக்கிறது, முதல் சொல் விழுகிறது. பையிலிருந்து கிளம்பும் பாக்கெட்டுகளைப் பார்த்தேன், 80க்கு ஒன்றாக வரிசையாகப் போகின்றன. அப்படியானால் இணையத்தில் இனித் தேடுவதற்கு ஒன்றுமில்லை, குரல் பாக்கெட் ஆவதற்கு முன்பே கெட்டிருக்கிறது. எத்தனை பேர் இந்த இடத்தில் ரவுட்டரை மாற்றிப் பணத்தை விட்டிருக்கிறார்கள் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

சவுண்ட் கார்டில் வருவதைப் பத்து வினாடி பதிவு செய்து திரையில் விரித்தேன். அலையின் மேடுகள் எல்லாம் சீவிய இளநீர் மாதிரி தலை தட்டையாக இருந்தன. செட்டின் ஸ்பீக்கர் வெளியீட்டை நேராக மைக் துளையில் செருகியிருந்தோம். ஸ்பீக்கருக்குப் போவது வோல்ட் கணக்கு, மைக் எதிர்பார்ப்பது மில்லிவோல்ட் கணக்கு. போதாததற்குக் கார்டின் தானியங்கி கெயினும் (ஒலி குறைந்தால் தானாகவே ஏற்றும் வசதி) இயங்கிக்கொண்டிருந்தது. சார் மூச்சு விடும் இடத்திலெல்லாம் அது பின்னணி இரைச்சலைத் தூக்கிக் கொண்டுவந்தது.

சாரின் டப்பாவில் 10 கிலோ ஓம் மின்தடை ஒன்றும் 1 கிலோ ஓம் ஒன்றும் கிடைத்தன. முதலாவதைத் தொடரில் வைத்து, இரண்டாவதை மைக் முனையிலிருந்து தரைக்குப் போட்டால் பதினொன்றில் ஒரு பங்குதான் உள்ளே போகும். கை நடுங்குகிறது என்று சொல்லிக்கொண்டே பற்றவைப்பைச் சாரே செய்தார். ஈயம் இரண்டு முனையிலும் கண்ணாடி போல மின்னியது. தானியங்கி கெயினை அணைத்துவிட்டு மறுபடி பதிவு செய்தோம். உருண்டையான மேடுகள். என் ஆசானின் குரல் அப்படியே இருந்தது.

அடுத்து முதல் சொல். "வணக்கம்" என்று சார் சொன்னால் பதிவில் "க்கம்" மட்டும் இருக்கிறது. பேசுவதற்கான பி.டி.டி. பொத்தானை அழுத்தும்போதே பேசத் தொடங்கிவிடுகிறார். மாடி செட்டோ, கைசெட் குரலோடு சேர்த்து அனுப்பும் 88.5 ஹெர்ட்ஸ் டோன் வருகிறதா என்று பார்த்து உறுதி செய்த பிறகே ஸ்கெல்ச்சை, அதாவது இரைச்சலை அடைத்து வைக்கும் கதவை, திறக்கிறது. அந்தக் கால் வினாடியில் "வண" போய்விடுகிறது. "அழுத்தி, ஒரு மூச்சு விட்டு, அப்புறம் பேசுங்க சார்" என்றேன். "நாப்பது வருசப் பழக்கம் தம்பி. மாத்திக்கிறேன்" என்றார்.

வரும் திசையிலும் இதே நோய் கொஞ்சம் இருந்தது. சாரின் கைசெட் பேட்டரி சேமிக்கத் தூங்கித் தூங்கி விழிக்கிறது. அதை அணைத்தோம். எஸ்.வி.எக்ஸ்.லிங்கில் ஒலிபரப்பு தொடங்கிய பிறகு அரை வினாடி பொறுத்துக் குரலை விடும்படி 500 என்று வைத்தேன்.

அக்டோபர் 16, வியாழன்

நல்ல மழை. மாலையில் சார் போன். எதிர்முனை பேசத் தொடங்கி இரண்டு மூன்று வினாடியில் எல்லாம் அடங்கிவிடுகிறதாம். மாடி செட்டின் பவரை 25 வாட்டுக்கு ஏற்றியிருக்கிறார். பையின் பதிவேட்டில் பார்த்தால், செட் ஒலிபரப்பும் போதெல்லாம் சவுண்ட் கார்டு யூ.எஸ்.பி.யிலிருந்து கழன்று மறுபடி ஒட்டுகிறது. செட்டின் அலையே கேபிளில் ஏறிக் கார்டைக் குழப்புகிறது. 5 வாட்டுக்கு இறக்கி, யூ.எஸ்.பி. கேபிளில் அந்த அலையைத் தடுக்கும் ஃபெரைட் வளையம் மாட்டச் சொன்னேன். தோப்புவரை பேச 5 வாட் தாராளம். அதற்குப் பிறகு கழலவில்லை.

அக்டோபர் 19, ஞாயிறு

நாளை தீபாவளி. காலை நெட்டுக்கு நான் வேதாரண்யத்திலேயே இருந்தேன். சார் தோப்பில் நின்று அழுத்தினார், ஒரு மூச்சு விட்டார், "வணக்கம்" என்றார். எதிர்முனையில் ஒருவர் சில நொடி பேசவே இல்லை. பிறகு "சார், பக்கத்துல உக்காந்து பேசற மாதிரி இருக்கு" என்றார். ஒரு மணி நேரம் ஓடியது. 2004 டிசம்பரில் சுனாமி வந்தபோது போர்ட் பிளேரில் ஹாம் ரேடியோக்காரர் பாரதி பிரசாத் குழு செட்டோடு இருந்து செய்தி கடத்தியதையும், தான் 14 மெகாஹெர்ட்ஸில் அந்தக் குரல்களைக் கேட்டுக்கொண்டிருந்ததையும் சார் புதியவர்களுக்குச் சொன்னார். ஒரு சொல் விழவில்லை.

சாப்பிட்டபின் மாடிக்குப் போனபோது பெட்டியின் மேல் ஒரு தாள் ஒட்டியிருந்தது. "புயலில் ஃபைபர்தான் முதலில் போகும் தம்பி. கஜாவுக்குப் பிறகு கரண்ட் வர எத்தனை நாளாச்சு" என்றார். தாளில் அவர் கையெழுத்தில்:

"இணையம் இல்லையென்றால்: 1. நீல வயரைப் பிடுங்கு. 2. செட்டில் மைக்கைச் செருகு. 3. பவர் 25. பேட்டரி கட்டிலுக்கு அடியில்."

நீல வயர் எது என்று இருட்டிலும் தெரிய அதன்மேல் ஒரு துண்டு நூல் சுற்றியிருந்தார்.