யாழ்ப்பாணத்துக் காற்றும் ஒரு பழைய ட்ரையல்ஸ் வண்டியும்

என்னிடம் இருப்பது எழுபதுகளில் தயாரான ஒரு யமஹா ரீ.வை. 125. பாறை, வேர், சேறு ஆகியவற்றின் மேல் காலை நிலத்தில் ஊன்றாமல் மெல்ல ஊர்ந்து ஏறுவதற்கென்றே அமைக்கப்பட்ட மோட்டார் சைக்கிள் அது. ட்ரையல்ஸ் போட்டியில் வேகத்துக்குப் புள்ளி இல்லை. குறிக்கப்பட்ட பகுதியைக் கடக்கும்போது ஒருமுறை காலூன்றினால் ஒரு தண்டப்புள்ளி, இருமுறை என்றால் இரண்டு, அதற்குமேல் எத்தனை முறை ஊன்றினாலும் மூன்று, கடக்க முடியாமற் போனால் ஐந்து. ஸ்கொட்லாந்தின் ஆறு நாள் போட்டியை 1965 இல் சமி மில்லர் ஸ்பெயின் நாட்டு புல்டாகோ வண்டியில் வென்ற பின்னர், பாரமான பிரித்தானிய ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டிகளின் இடத்தை எடை குறைந்த டூ-ஸ்ட்ரோக் வண்டிகள் பிடித்துக்கொண்டன. யமஹாவுக்காக மிக் அண்ட்ரூஸ் 1974 இலும் 1975 இலும் அதே போட்டியை வென்றார்.

மலையே இல்லாத குடாநாட்டில் இதற்கு என்ன வேலை என்று பலரும் கேட்கிறார்கள். எங்கள் பனங்காணியில் விழுந்து கிடக்கும் பனங்குற்றிகளும், உழவில் கிளம்பி வேலியோரம் குவிந்த முருகைக்கற்களும், வடலிகளுக்கு இடையிலுள்ள குறுகிய திருப்பங்களும் முதலாம் கியரில் ஒரு பின்னேரம் முழுவதையும் எடுத்துக்கொள்ளப் போதுமானவை. உயரம் இல்லாவிட்டாலும் சமநிலைக்கு வேண்டிய சோதனை இங்கே நிறையவே உண்டு.

இயந்திரம் எளிமையானது. ஃபோர்-ஸ்ட்ரோக்கில் இருப்பது போன்ற தலை வால்வுகள் இல்லை, கேம் இல்லை. நாலைந்து ஸ்பனர்களோடு ஒரு காலைப்பொழுதில் சிலிண்டரைக் கழற்றிவிடலாம். 56 மில்லிமீற்றர் விட்டமும் 50 மில்லிமீற்றர் வீச்சும் அக்காலத்து யமஹா டி.ரி. 125 வண்டிக்கும் உரியவை என்பதால் ரிங் தேடும்போது கடைக்காரருக்குச் சொல்லிப் புரியவைப்பதும் இலகு. ஆனால் இந்த எளிமையை நம்பிக் கவனமின்றி இருந்துவிடக் கூடாது. என் அனுபவத்தில் இந்த வண்டிக்கு வந்த கேடுகளிற் பெரும்பாலானவை ஓட்டத்தால் வந்தவை அல்ல, அது உள்ளிழுத்த காற்றால் வந்தவை.

ஃபோர்-ஸ்ட்ரோக் இயந்திரத்தில் காற்று நேரே சிலிண்டருக்குள் போகும்; பிஸ்டனோடு இணைந்து சுழலும் தண்டான கிராங், கீழே தன் ஒயிலில் தனியாகச் சுழலும். டூ-ஸ்ட்ரோக்கிலோ காற்றும் பெற்றோலும் முதலில் கிராங் அறைக்குள் புகுந்து, பெயாரிங்குகளைத் தொட்டுக் கடந்து, அதன் பின்னரே மேலே ஏறுகின்றன. ஆகவே பில்டரைத் தாண்டிய தூசி பிஸ்டனை மட்டுமன்றிக் கிராங்கையும் அரைக்கிறது. வலிகாமத்துச் செம்மண் மிக நுண்ணியது. சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தோட்ட ஒழுங்கையில் முன்னே ஒரு லான்ட்மாஸ்ரர் (இரு சக்கர உழவு இயந்திரம்) போனால், பின்னால் வருபவரின் பல்லிடுக்கு வரை அது வந்துவிடும். ஸ்பொஞ் பில்டரை மண்ணெண்ணெயில் அலசி, சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, நிழலில் உலர்த்தி, ஒயில் ஊற்றி, எல்லா இடமும் ஒரே நிறமாகும் வரை கையால் பிழிந்தெடுக்கிறேன்; பெட்டியோடு பொருந்தும் விளிம்புக்குச் சிறிது கிறீஸ் பூசுகிறேன். அடுத்த ஓட்டத்தின் பின் கார்பரேற்றருக்குப் போகும் இறப்பர்க் குழாயின் உட்புறத்தை விரலால் தடவிப் பார்ப்பேன். விரலில் வெறும் ஒயில் பிசுக்கு இருந்தால் நிம்மதி. இளஞ்சிவப்பாக ஏதாவது படிந்தால் அன்றே மறுபடி கழற்ற வேண்டும்.

மற்றக் காற்று திருட்டுத்தனமாக வருவது. வண்டி என்னிடம் வந்த புதிதில், சூடேறியபின் அக்சிலேற்றரை முழுதாக விட்டாலும் சுழற்சி இறங்காமல் சற்று நேரம் உயரவே நிற்கும். மெதுவோட்டக் கலவையைச் சரிசெய்யும் பைலற் ஸ்க்ரூவை எப்படித் திருப்பினாலும் மாறவில்லை. மக்னெற்றோ மூடியைத் திறந்து பிளைவீலை இழுத்தெடுத்தபோது, பின்னால் இருந்த தகடு பெற்றோல் மணத்தோடு கருமையாக நனைந்திருந்தது. கிராங்கின் அந்தப் பக்கத்தில் கசிவைத் தடுக்கும் இறப்பர் வளையமான ஒயில் சீல், நகத்தால் அழுத்தினாலும் வளையாத அளவுக்கு இறுகிப் போயிருந்தது. கிராங் அறையின் உள்ளமுக்கம் ஏறும்போது அந்த இடைவெளியால் கலவை வெளியே கசிகிறது. இறங்கும்போது அதே வழியால் வெறும் காற்று உள்ளே வருகிறது. இந்த இயந்திரத்துக்கு ஒயில் பெற்றோலோடு சேர்ந்தே வருவதால், பெற்றோல் மெலியும்போது ஒயிலும் மெலிகிறது, சூடு ஏறுகிறது, ஒரு நாள் பிஸ்டன் இறுகிவிடுகிறது. கிளச் பக்கத்துச் சீல் போனால் அடையாளம் வேறு: கியர்ப் பெட்டியின் ஒயிலை இயந்திரம் உறிஞ்சி வெண்புகையாகத் தள்ளும், அளவும் குறையும். சீலின் முகத்தில் பொறித்திருக்கும் உள்விட்டம், வெளிவிட்டம், தடிப்பு ஆகிய மூன்று எண்களையும் குறித்துக்கொண்டு பெயாரிங் கடைக்குப் போய், பெற்றோலையும் சூட்டையும் தாங்கும் இறப்பராகக் கேட்டு வாங்க வேண்டும். பழைய டூ-ஸ்ட்ரோக் எதை வாங்கினாலும், ஓடிப் பார்ப்பதற்கு முன்பே இரு சீல்களையும் மாற்றிவிடுவது நல்லது.

என் வண்டியின் ஒயில் பம்பை யாரோ முன்னரே அகற்றியிருந்தார்கள். அதனால் கையால் கலக்கிறேன். 2 லீற்றர் 92 ஒக்டேன் பெற்றோலுக்கு 60 மில்லிலீற்றர் டூ-ரீ ஒயில் (டூ-ஸ்ட்ரோக்குக்கான ஒயில்). மருந்துக்கடையில் வாங்கிய பெரிய சிரிஞ்சால் அளந்தால் தவறாது. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் சில துளி பெற்றோலால் ஸ்ராட் செய்து மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய ஊர் இது. அந்தத் தலைமுறைக்கு எரிபொருளைத் துளியாக அளப்பது புதிதன்று. 2022 இல் கியூ.ஆர். முறை வந்து மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்று ஆனபோதும், காணிக்குள் ஊரும் இந்த வண்டிக்கு அது போதுமானதாகவே இருந்தது.

மெதுவாகவே ஓடுவதால் எரியாத ஒயில் சைலன்சரில் தங்கிக் கரியாகிறது. பிளக்கின் முனை ஈரக் கறுப்பாக இருந்தால் தெருவில் சிறிது தூரம் நன்றாக முறுக்கி ஓட்டுவேன். தேயிலைச்சாய நிறம் வந்தால் சரி, வெளிறினால் மறுபடியும் காற்றுக் கசிவைத் தேட வேண்டும். வருடாந்தப் புகைப் பரிசோதனைக்கு முன் எக்சோஸ்ற் வாயிலின் கரியை மரக்குச்சியால் சுரண்டி எடுப்பதும் உதவும்.

ரயருக்கு 6 இறாத்தல் காற்று வைக்கிறேன். அதற்குக் குறைத்தால் பிடிப்புக் கூடும் என்பது உண்மை, ஆனால் முருகைக்கல்லின் கூர் விளிம்பு ரிம்மோடு சேர்த்து ரியூப்பைக் கடித்துவிடும்.

தொண்டைமானாறு, மணற்காடு பக்கம் போய் வந்தால் உப்பு ஸ்போக் முனைகளிலும் செயினிலும் உடனே வேலையைத் தொடங்கிவிடும். கடலோரக் கிணறுகள் பலவற்றின் நீர் உவர் என்பதால் அங்கேயே கழுவுவதில் பயனில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, செயினுக்கு அன்றைக்கே ஒயில் இட வேண்டும்.

மாரி தொடங்கிக் காணியில் வெள்ளம் நிற்கும் வாரங்களில் வண்டி ஓடாது. அப்போது பெற்றோலை மூடி, கார்பரேற்றர் வற்றித் தானாக நிற்கும் வரை ஓடவிட்டு, பிளக் துளைக்குள் கொஞ்சம் ஒயில் விட்டு, பிளக்கைப் பூட்டாமலே கிக்கரை மெதுவாகச் சிலமுறை மிதிக்கிறேன். பிறகு பிளக்கைப் பூட்டி, பிஸ்டன் உச்சிக்கு வந்து வாயில்கள் மூடியிருக்கும் நிலையில் விட்டு, சைலன்சர் வாயை எண்ணெய்த் துணியால் அடைத்துவிடுகிறேன்.