திற்பரப்புக்கும் திருநந்திக்கரைக்கும் நடுவில்

முஞ்சிறை திருமலைக் கோவிலில் சாயங்கால தீபாராதனை முடிந்து படி இறங்கும்போது மாமா என் கையில் ஒரு பனையோலை விசிறியைத் தந்தார். புது விசிறி இல்லை. காம்பில் இரண்டு சின்னத் துணிப்பைகள் கட்டியிருந்தன. ஒன்று திருநீற்றுக்கு, இன்னொன்று காணிக்கைச் சில்லறைக்கு. திருநீற்றுப் பையின் வாய்ப்பக்கம் நைந்து போய், வேறு நிற நூலால் தைத்திருந்தது. அந்தத் தையலைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"ஒனக்க அப்பாக்க விசிறிதான் மக்களே. எனக்க கிட்டதான் இருந்து" என்றார் மாமா.

அப்பா போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவர் உயிரோடு இருந்தவரை நான் ஒரு தடவைகூடச் சிவாலய ஓட்டத்துக்கு வந்ததில்லை. படிப்பு, பிறகு வெளியூர் வேலை என்று ஒவ்வொரு மாசியும் தள்ளிப்போனது. அந்த வருடம் ஒரு வாரம் விரதம் இருந்து, மாலை போட்டு, மாமாவோடு கிளம்பினேன். மனதுக்குள் ஒரு நேர்ச்சையும் இருந்தது. திருமலையில் காவி கட்டி இறங்கினால், மறுநாள் சிவராத்திரி நாலு சாமமும் முடியும்வரை இமை மூடுவதில்லை.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் உள்ள 12 சிவன் கோவில்களை, சிவராத்திரிக்கு முந்தின நாள் சாயங்காலம் தொடங்கி மறுநாள் இரவுக்குள் ஓடியும் நடந்தும் தரிசிப்பதுதான் இந்த ஓட்டம். திருமலை, திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு, கடைசியில் திருநட்டாலம். மொத்தம் நூறு கிலோமீட்டருக்கு மேல். ஒவ்வொரு கோவிலிலும் குளத்திலோ ஆற்றிலோ முங்கி, ஈரத் துணியோடு உள்ளே போய் சுவாமிக்கு விசிறி வீசிக் கும்பிட்டு, அதே ஈரத்தோடு அடுத்த கோவிலுக்குக் கிளம்ப வேண்டும். போவது சிவன் கோவிலுக்கு. வழியெல்லாம் கூப்பிடுவது "கோவிந்தா, கோபாலா" என்று. ஓடுகிறவர்களுக்கே கோவிந்தன்மார் என்றுதான் பெயர்.

அதற்கு ஒரு கதை உண்டு. தருமரின் யாகத்துக்காகப் புருஷாமிருகத்தைத் தேடி பீமன் வருகிறான். பாதி மனிதன், பாதி மிருகம், பெரிய சிவபக்தன். திருமாலின் பெயர் காதில் விழவே ஆகாது. கிருஷ்ணர் பீமன் கையில் 12 ருத்ராட்சங்களைக் கொடுத்து அனுப்புகிறார். முஞ்சிறையில் அது கண்மூடித் தவத்தில் இருக்கும்போது பீமன் "கோவிந்தா, கோபாலா" என்று குரல் கொடுக்க, தவம் கலைந்து துரத்துகிறது. எட்டிப் பிடிக்க வரும்போது பீமன் ஒரு ருத்ராட்சத்தைக் கீழே போடுகிறான். அது லிங்கமாகிவிடும். லிங்கத்தைப் பார்த்தபிறகு நீராடிப் பூசை செய்யாமல் நகர அதற்கு மனம் வராது. பூசை முடியும், பீமன் மறுபடி குரல் கொடுப்பான், மறுபடி தவம் கலையும். இப்படிப் பன்னிரண்டு இடம். சின்ன வயதில் இதை பீமன் ஓடிய கதையாகத்தான் கேட்டேன். இப்போது அந்தப் புருஷாமிருகத்தின் பக்கம் இருந்து யோசித்துப் பார்க்கிறேன். கண்மூடி ஆழ்ந்து கிடக்கும் ஒருவரை ஒரு பெயர் திரும்பத் திரும்ப வெளியே இழுக்கிறது.

திக்குறிச்சி வரை உற்சாகம். வழியில் வீட்டு வாசல்களில் பானகமும் மோரும் சுக்குத் தண்ணீரும் வைத்துக்கொண்டு ஆட்கள் நின்றார்கள். அருமனை, களியல் வழியாகத் திற்பரப்பு போய்ச் சேர்ந்தபோது நள்ளிரவு தாண்டிவிட்டது. அருவிக்கு மேலே கோதையாற்றில் முங்கி எழுந்தேன். பல் கிட்டியது. வீரபத்திரரைக் கும்பிட்டு வெளியே வந்து, சூடாக ஒரு தம்ளர் சுக்குநீர் குடித்துவிட்டுக் குலசேகரம் பாதையில் நடந்தோம்.

ஓட்டத்துக்கு ஒரு தாளம் உண்டு. கூட்டத்தில் ஒருவர் "கோவிந்தா" என்பார். மற்றவர்கள் "கோபாலா" என்பார்கள். அது நிற்காது. காலும் வாயும் ஒரே கணக்கில் போகும். அமாவாசையை ஒட்டிய நாள் என்பதால் நிலவும் கிடையாது. எங்கள் கூட்டத்தில் இரண்டு டார்ச் லைட். இரண்டு பக்கமும் ரப்பர். மாசியில் ரப்பர் மரம் இலையெல்லாம் உதிர்த்துவிட்டு நிற்கும். ரோட்டோரத்தில் சருகு கனமாகக் கிடந்தது; மிதிக்கும்போது அப்பளம் நொறுங்குகிற மாதிரி சத்தம். குலசேகரம் சந்திப்பு நினைவிருக்கிறது. பூட்டிய கடைகள், ஒரு கடையின் முன்னால் படுத்திருந்த நாய். அது தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது.

அதற்கு அப்புறம் தோட்டத்துக்குள் ஒரு வெளிச்சத்தைப் பார்த்தேன். மரத்துக்கு மரம் நகர்ந்துகொண்டிருந்தது. ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் நெற்றியில் கட்டும் லைட். எனக்கு அதில் வியப்பே இல்லை. அப்பா வாழ்நாள் முழுதும் பால்வெட்டுத் தொழிலாளி. விடியும் முன்னே எழுந்து, லைட்டைக் கட்டி, கத்தியை எடுத்துக்கொண்டு போவார். முந்தின வெட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலைப் பட்டையிலிருந்து இழுத்துப் பிய்க்கும்போது ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் தெளிவாகக் கேட்டது. வெளிச்சத்துக்குப் பின்னால் இருந்தவர் குனிந்தபடியே, என் பக்கம் திரும்பாமல், "சிரட்டையைக் கமத்தி வை மக்களே" என்றார். சரிப்பா என்றேன். என் கை நனைந்திருந்தது. பால்தான் வழிந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ரோட்டில் நடந்துகொண்டிருக்கிறேன் என்பதும் தெரியும். கோவிந்தா கேட்டது, கோபாலா சொன்னேன். எல்லாம் ஒன்றுக்குள் ஒன்றாக இருந்தது.

திருநந்திக்கரையில் ஆற்றில் கால் வைத்ததும் குளிர் முழங்கால் வரை ஏறியது. முங்கி எழுந்து தலை துவட்டும்போது சாதாரணமாகத்தான் கேட்டேன், "மாமா, அந்தத் தோட்டத்தில இப்பவும் வெட்டு நடக்குதா?"

மாமா துவர்த்துத் துண்டைப் பிழிந்துகொண்டிருந்தார். "மாசியில எவன் மக்களே வெட்டுவான்? மரத்துல இலையே இல்லியே."

உண்மைதான். இலை உதிர்ந்து புதுத் தளிர் முற்றும்வரை மரத்துக்கு ஓய்வு கொடுப்பார்கள். பால்வெட்டுக்காரர் மகனுக்கு அது தெரியாமல் இல்லை. கையைப் பார்த்தேன். விசிறிப் பை ஈரமாகிச் சொட்டியதுதான் அந்த நனைவு. அப்போதுதான் மாமா சொன்னார்.

"குலசேகரம் தாண்டினப்பவே நீ ஒறங்கிட்டுல்லா நடந்தா. நான் முழங்கைய புடிச்சிட்டேன்."

"ஒறங்கல்ல மாமா. கோபாலா சொல்லிட்டே வந்தேனே."

"சொன்னா. ஆனா பிந்திச் சொன்னா."

அவர் கணக்கு இதுதான். இருட்டில் முகம் தெரியாது, கண் திறந்திருக்கிறதா என்று பார்க்க முடியாது. எவன் குரல் மற்றவர்களைவிட அரை நொடி பிந்தி வருகிறதோ அவன் உறக்கத்தில் இருக்கிறான். உடனே அவனை வண்டி வருகிற பக்கத்திலிருந்து உள்பக்கத்துக்கு மாற்றி முழங்கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இத்தனை வருட ஓட்டத்தில் எத்தனையோ பேரை அப்படி நடத்திக் கூட்டிவந்திருக்கிறாராம். "ஒனக்க அப்பாவும் அந்த எடத்துலதான் ஒறங்குவாரு" என்றும் சொன்னார்.

நான் நொந்துபோனேன். நேர்ச்சை மூன்றாவது கோவிலைத் தாண்டியதுமே முறிந்துவிட்டது. அதைவிட, முறிந்தது எனக்குத் தெரியவே இல்லை என்பதுதான் உறுத்தியது. விழிப்புக்கும் உறக்கத்துக்கும் நடுவில் ஒரு வாசற்படி இருக்கும், தாண்டும்போது கால் இடறும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். படியே இல்லை.

பிறகு இதைப் பற்றி நிறையப் படித்தேன். உறக்கம் கெட்ட உடம்பு சில நொடிகளுக்கு மட்டும் உறங்கி எழுவது உண்டு. கண்கூடத் திறந்திருக்கலாம். பின்னிரவு இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரையிலான நேரத்தில் உடம்புச் சூடு இறங்கிக் கிடப்பதால் அது இன்னும் எளிதாக நடக்கும். மேலோட்டமான உறக்கத்திலிருந்து எழுப்பினால் "நான் முழித்துத்தான் இருந்தேன்" என்று பலரும் மனமாரச் சொல்வார்கள். எனக்கும் அது ஒரே நீண்ட உறக்கமாக இருந்திருக்காது. துண்டு துண்டாக வந்திருக்கும். நடுவே விழித்த நேரங்களை மனம் தானே கூட்டித் தைத்துக்கொண்டது. வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இதே சில நொடி போதும், உயிர் போய்விடும். ஓட்டம் முடிந்த கையோடு பைக்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பும் பையன்களைப் பார்த்தால் எனக்கு இன்றும் வயிற்றைப் பிசைகிறது. கோவில் வாசலிலேயே ஒரு மணிநேரம் படுத்து எழுந்து போங்கள் தம்பி, சுவாமி கோபித்துக்கொள்ள மாட்டார்.

சரி, ஓட்டத்துக்கு வருகிறேன். நந்திக்கரையிலிருந்து திரும்பிப் பொன்மனை போகும்போது, கிழக்கே நூல் மாதிரி ஒரு பிறை கிளம்பியது. கொஞ்ச நேரத்தில் வெளுத்துவிட்டது. வெளிச்சம் வந்ததும் தோட்டத்தைப் பார்த்தேன். வரிசை வரிசையாக மொட்டை மரங்கள், நுனியில் செம்பு நிறத்தில் அங்கங்கே தளிர். ஒவ்வொரு மரத்திலும் கம்பி வளையத்தில் சிரட்டை கவிழ்த்து வைத்திருந்தது. ஒரு மரம் விடாமல் எல்லாவற்றிலும். அப்பா சொன்னபடியே. பகலில் எத்தனையோ தடவை பார்த்த காட்சிதான். அன்றைக்கு அதன் முன்னால் கொஞ்சம் நேரம் நின்றுவிட்டேன். மாமாவும் நின்றார், எதுவும் கேட்கவில்லை.

பிறகு கேட்டேன், "நேர்ச்சை முறிஞ்சு போச்சா மாமா?"

"நான் கோவிந்தான்னு விளிச்சேன். நீ கோபாலான்னு சொன்னா. போரும்" என்றார்.

எனக்கு அது அப்போது போதவில்லை. பன்னிப்பாகம் போகிற வழியெல்லாம் அதையே அசைபோட்டேன். எங்கள் பாதையிலிருந்து கொஞ்சம் விலகித்தான் திருவட்டாறு. அங்கே ஆதிகேசவப் பெருமாள் 22 அடி நீளத்தில் பள்ளிகொண்டிருக்கிறார். ஒரே பார்வையில் முழுதாகப் பார்க்க முடியாது, மூன்று வாசல் வழியாகத்தான் முகமும் உடலும் பாதமும். அவர் உறக்கத்துக்குத் தமிழில் அறிதுயில் என்று பெயர். அறிந்துகொண்டே துயில்வது. நான் துயின்றது அறியாத துயில். எங்கள் ஊரில் தூங்குவது என்று சொல்வதைவிட உறங்குவது என்றுதான் சொல்வோம். தூங்குவது என்றால் பழைய பொருள் தொங்குவது, ஆடுவது. தூக்கணாங்குருவிக் கூடு மாதிரி. அந்த ரோட்டில் நான் செய்ததற்கு அந்தச் சொல்தான் பொருந்தும். கீழே விழவில்லை, தரையிலும் இல்லை. கூட்டத்தின் குரலில் தொங்கிக்கொண்டு போனேன்.

கல்குளம் நீலகண்டர் கோவிலில் வெயில் ஏறிவிட்டது. மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு எல்லாம் தார் ரோட்டுச் சூடாகவும் கொப்புளமாகவும்தான் நினைவில் இருக்கின்றன. பன்றிக்கோட்டில் முங்கும்போது இருட்டிவிட்டது. நட்டாலம் சேர்ந்தபோது கோவில் முழுக்க விளக்கு. சிவனும் திருமாலும் ஒரே உருவாகச் சங்கரநாராயணராக நிற்கும் இடம். புருஷாமிருகம் பீமனைக் கடைசியில் பிடித்ததும், இரண்டு பெயரும் ஒன்றுதான் என்று அதற்குத் தெரிந்ததும் இங்கேதான் என்பார்கள். அப்பாவின் விசிறியால் சுவாமிக்கு வீசினேன். பையில் மிச்சமிருந்த திருநீற்றை நெற்றி நிறையப் பூசிக்கொண்டேன். அழுகை வந்தது, அடக்கவில்லை.

அப்புறம் சிவராத்திரி விழிப்பு. ஒரு தூணோரமாக மாமாவும் நானும் உட்கார்ந்தோம். மூன்றாம் சாமப் பூசைக்கு மணி அடித்து ஓய்ந்தது. "நாலாம் சாமம் வரை ஒறங்கப்பிடாது மக்களே" என்றார் மாமா. நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தார், கண்ணும் திறந்துதான் இருந்தது.

கொஞ்ச நேரம் பொறுத்து, மெதுவாக, "கோவிந்தா" என்றேன்.

பதில் வந்தது. அரை நொடி பிந்தி.

அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். இன்னொரு கையால் விசிறியை அவர் பக்கம் திருப்பி வீசியபடி, மறுபடியும் "கோவிந்தா" என்றேன்.