பெரியம்மாவின் தாகம்

ஒரே இரவில் பெரியம்மா என்னை மூன்று முறை எழுப்பித் தண்ணீர் கேட்டார். சர்க்கரை ஏறியிருக்குமோ என்று விரலில் குத்திப் பார்த்தோம், அளவு சரியாகத்தான் இருந்தது. மலச்சிக்கல், வாந்தி, அசதி எல்லாப் பழியையும் கீமோ மேல் போட்டுவிட்டோம். மார்பகப் புற்றுநோய் எலும்புக்குப் பரவியவருக்கு இதெல்லாம் இருக்கத்தானே செய்யும் என்று நினைத்தோம். அப்புறம் ஒரு காலை, நாற்பது வருடமாகப் புழங்கும் எங்கள் பிறை (பினாங்கு) வீட்டின் சமையலறையில் நின்றுகொண்டு, "பாத்ரூம் எந்தப் பக்கம்?" என்று கேட்டார். அதைக் கேட்டதும் அவசரப் பிரிவுக்கு ஓடினோம்.

ரத்தத்தில் கால்சியம் லிட்டருக்கு 2.78 மில்லிமோல். மேல் வரம்பு 2.6, கொஞ்சம்தானே கூடியிருக்கிறது என்றேன். டாக்டர் அல்புமின் என்ற ரத்தப் புரதத்தின் அளவைக் காட்டினார், லிட்டருக்கு 26 கிராம்தான். கால்சியத்தில் கணிசமான பங்கு அந்தப் புரதத்தோடு ஒட்டி ஓடுவதால், புரதம் குறைந்தால் கால்சியமும் குறைவாகக் காட்டுமாம். அல்புமின் 40க்குக் கீழே இறங்கும் ஒவ்வொரு புள்ளிக்கும் 0.02 கூட்டிப் பார்த்தால் 3.06. என் வயிறு கலங்கிவிட்டது. கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பி சுரக்கும், கால்சியத்தை ஏற்றும் ஹார்மோனையும் பார்த்தார்கள், அது அடங்கிக் கிடந்தது, அதனால் கோளாறு அந்தச் சுரப்பியில் இல்லை, புற்றுநோயில்தான்.

கால்சியம் ஏறினால் சிறுநீர் அதிகம் போகும், உடம்பு வற்றும், வற்றிய சிறுநீரகத்தால் கால்சியத்தை வெளியே தள்ள முடியாது, அது இன்னும் ஏறும். அதனால் முதல் மருந்தே உப்புநீர் டிரிப்தான். பிறகு சோலெட்ரோனிக் ஆசிட் 4 மில்லிகிராம், கால் மணி நேரம் ஏற்றினார்கள். எலும்பு கரைவதை அது தடுக்கும், ஆனால் பலன் தெரிய இரண்டு முதல் நான்கு நாள் ஆகும். அதுவரை தாக்குப்பிடிக்க கால்சிடோனின் ஊசி. அது சில மணி நேரத்திலேயே வேலை செய்யும், இரண்டு நாளில் வீரியம் குறைந்துவிடும். சிறுநீரகம் மோசமாக இருப்பவர்களுக்கு சோலெட்ரோனிக் ஆசிடுக்குப் பதிலாக டெனோசுமாப் என்ற மருந்து கொடுப்பதும் உண்டு.

எலும்புக்கு நல்லது என்று அக்கா ஆசையோடு வாங்கிக் கொடுத்துவந்த கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகளை அன்றே நிறுத்தச் சொன்னார்கள். அக்கா அழுதுவிட்டார். அவர் மேல் தப்பில்லை, எங்களில் யாருக்குமே தெரியாது.

நான்காம் நாள் காலை பெரியம்மா என்னைப் பார்த்து, "கோப்பி கிடைக்குமா, சீனி கொஞ்சமா போடு" என்றார்.

இப்படிக் கால்சியம் ஏறுவது திரும்பி வரக்கூடியது, சில வாரத்திலேயேகூட வரலாம். அதனால் இப்போது ஒவ்வொரு ரத்தப் பரிசோதனையிலும் கால்சியத்தையும் அல்புமினையும் நானே கேட்டு நோட்டில் எழுதிக்கொள்கிறேன். உங்கள் வீட்டிலும் புற்றுநோயாளி ஒருவர் திடீரென்று ஓயாமல் தண்ணீர் கேட்டால், பேச்சு தடுமாறினால், அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள், அன்றே கூட்டிப்போய் கால்சியம் பார்க்கச் சொல்லுங்கள்.