நெட் வந்துகொண்டிருந்தது, பக்கம்தான் திறக்கவில்லை

தென்காசியில் அப்பாவின் மேசைக் கணினியில் நெட் வரவில்லை என்று போன் வந்தது. உள்ளூரில் கணினி பழுதுபார்க்கும் ஒருவர் விவரத்தைப் போனிலேயே கேட்டுவிட்டு, விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட வேண்டும் என்று சொல்லியிருந்தார். அப்பாவின் பழைய படங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. எனக்குப் பகீரென்றது. எதையும் அழிப்பதற்கு முன்னால், கோளாறு எந்த இடத்தில் என்று பார்த்துவிடலாம், கூடவே இருங்கள் என்றேன்.

ஃபைபர் இணைப்புப் பெட்டியில் 'லாஸ்' என்று எழுதிய விளக்கு சிவப்பாக எரிந்தால் வெளியிலிருந்து வரும் லைனில் சிக்னலே வந்து சேரவில்லை என்று பொருள். அப்படியானால் கணினியில் என்ன செய்தும் பலனில்லை, பெரும்பாலும் புகார்தான் கொடுக்க வேண்டும். "சிவப்பே இல்லம்மா, எல்லாம் பச்சையாத்தான் எரியுது" என்றார். அதே வைஃபையில் அவர் போனில் செய்தியும் வீடியோவும் ஓடின. ஆக லைன் நன்றாக இருக்கிறது.

கணினிக்குக் கேபிள் வழியாகத்தான் இணைப்பு. கட்டளைகளை அடிக்கும் கறுப்புத் திரையான கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து 'ஐபிகான்ஃபிக்' என்று அடிக்கச் சொன்னேன். நெட்வொர்க்கில் கணினியை அடையாளம் காட்டும் எண்ணான ஐபி முகவரி 169.254 என்று தொடங்கினால், ரவுட்டரிடமிருந்து கணினிக்கு முகவரி கிடைக்காமல் தானே ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். அப்பா ஒவ்வோர் எண்ணாக வாசித்தார்: 192.168.1 என்று வந்தது. கேபிளும் சரி. அடுத்து, எதிர்ப்பக்கம் பதில் தருகிறதா என்று தட்டிப் பார்க்கும் 'பிங்' கட்டளை: முதலில் ரவுட்டரின் முகவரிக்கு, பிறகு வெளி இணையத்தில் இருக்கும் கூகுளின் 8.8.8.8 முகவரிக்கு, அப்புறம் கூகுளின் பெயரைக் கொடுத்து. மூன்றுக்கும் பதில் வந்தது. கடைசி பிங்குக்குப் பதில் வந்தால், தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸும் வேலை செய்கிறது. இத்தனையும் சரியாக இருக்கும் கணினியில் நெட் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

"அப்பா, பிரவுசர்ல என்ன போட்டிருக்கு? ஒரு வார்த்தை விடாம வாசிங்க."

"யுவர் கிளாக் இஸ் பிஹைண்ட்னு போட்டிருக்கும்மா."

திரையின் வலது மூலையில் தேதி 2015 ஜனவரி 1.

இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் ஒவ்வொன்றுக்கும் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. பல தளங்கள் வாங்கும் சான்றிதழ் 90 நாளுக்குத்தான் செல்லும். 2015-இல் நிற்கும் கணினிக்கு அது இன்னும் பிறக்காத சான்றிதழ், பிரவுசர் ஏற்காது. விண்டோஸ் தானாக நேரம் திருத்தும் வசதி இருந்தாலும், இப்படி ஆண்டுக்கணக்கில் விலகிவிட்டால் பெரும்பாலும் அது கைவைப்பதில்லை. தேதியைக் கையால் மாற்றியதும் எல்லாப் பக்கமும் திறந்தன.

மறுநாள் காலையில் திரும்பவும் 2015. அப்போதே காரணம் பிடிபட்டது. ஐப்பசி இடிக்குப் பயந்து அப்பா தினமும் சாயங்காலம் பிளக்கைப் பிடுங்கிவிடுவார், அது நல்ல பழக்கம்தான். பிளக் சொருகியிருக்கும்வரை கணினியின் கடிகாரம் மின்சாரத்தில் ஓடும். பிடுங்கினால் மதர்போர்டில் இருக்கும் சிறிய பேட்டரிதான் அதை ஓட்ட வேண்டும். அந்த பேட்டரி தீர்ந்திருந்தது.

ஊருக்குப் போனபோது மாற்றினேன். சிஆர்2032 என்று கேட்டால் கடைகளில் கிடைக்கும். பெயரிலேயே அளவும் இருக்கிறது: 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். பிளக்கைப் பிடுங்கி, பக்கத் தகட்டைக் கழற்றினால் நாணயம் போல வெள்ளியாகத் தெரியும். ஓரத்துக் கொக்கியை நகத்தால் விலக்கினால் தானே எம்பி வரும். கூட்டல் குறி மேலே பார்க்கும்படி புதியதை அழுத்த வேண்டும்.

பழைய கணினியாக இருந்தால், கழற்றும் முன் பயாஸில் (விண்டோஸ் ஏறுவதற்கு முன்னால் திறக்கும் அமைப்புத் திரை) சாட்டா மோட், அதாவது ஹார்ட் டிஸ்க்கோடு கணினி பேசும் முறை, ஐடிஈயா ஏஹெச்சிஐயா என்று குறித்துக்கொள்ளுங்கள். பேட்டரியை எடுத்ததும் அந்த அமைப்பு மாறிவிட்டால் விண்டோஸ் ஏறாது. பழையபடி மாற்றி வைத்தால் ஏறும். கழற்றிய பேட்டரியைப் பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைத்துவிடுங்கள். விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயை அரித்துவிடும், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.