சார் எந்த டிபார்ட்மென்ட்?

ரத்த அழுத்தம் எட்டிப் பார்த்ததும், தினம் பத்து நிமிஷம் தியானம் செய்யச் சொன்னார் டாக்டர். செய்தேன். மூன்றாவது நிமிஷமே குறட்டை என்று வீட்டில் தகவல். கண்ணை மூடினால் சரிப்படாது என்றுதான் கண்ணைத் திறந்துகொண்டு செய்கிற தியானத்துக்கு மாறினேன். சென்னைக் கவின் கலைக் கல்லூரியில் படித்த நண்பர் ஒருவர் 4பி பென்சிலைக் கையில் கொடுத்து, தினமும் எதிரில் இருப்பதை வரை, ரப்பர் மட்டும் தொடாதே என்றார். “தெரிஞ்சதை வரையாதே. தெரியறதை வரை.”

ஆடாமல் நிற்பவர்களிடம் ஆரம்பிக்கலாம் என்று முதலில் மெரினாவுக்குப் போனேன். உழைப்பாளர் சிலையில் நான்கு பேர் 1959லிருந்து அதே பாறையைத்தான் நெம்புகிறார்கள். அவசரமே இல்லை. அப்படியும் என் தாளில் நான்கு பேருக்கு ஏழு கால்தான் தேறியது.

சரி, பழகின இடமே மேல் என்று தெருமுனை டீக்கடைக்கு வந்தேன். ஆறு வருஷமாக டீ குடிக்கும் கடை. நடைபாதை வரை நீண்ட தார்ப்பாய், அதன் கீழே ஒரு பெஞ்சு, முன்னால் பித்தளை பாய்லர். எதிர்ப்பக்கம் நின்று, நண்பர் சொல்லிக்கொடுத்தபடி கையை நீட்டிப் பென்சிலைத் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, கட்டை விரலால் அளவெடுத்தேன். தார்ப்பாய் பெஞ்சைப்போல் இரண்டு மடங்கு நீளம். குறித்துக்கொண்டேன்.

அன்று கேட்காமலே இஞ்சி டீ வந்தது. காசு நீட்டினால், “அட, இருக்கட்டும் சார்” என்றார் மாஸ்டர். கலைக்கு இன்னும் மரியாதை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் பெஞ்சைக் காணோம். பெஞ்சு இல்லாமல் வரைந்தேன். இஞ்சி டீ, காசு வேண்டாம். மூன்றாம் நாள் தார்ப்பாய் சுருட்டிக் கட்டியிருந்தது. பாய்லர் கடைக்குள்ளே இருட்டுக்குப் போய்விட்டது. பக்கத்துப் பூக்காரம்மாவின் கூடைகூட இரண்டடி உள்ளே தள்ளியிருந்தது. போன பாய்லரை ஞாபகத்திலிருந்து வரைந்து, நெற்றியில் மூன்று பட்டை விபூதியும் போட்டு முடிக்கையில் மாஸ்டர் டீயோடு வந்தார்.

“சார் எந்த டிபார்ட்மென்ட்? கார்ப்பரேஷனா, ஹைவேஸா?”

“ஜவுளிக்கடையில கணக்கு எழுதறேன் அண்ணே.”

“அப்போ ரோடு அகலப்படுத்தறது?”

“சும்மா படம் வரையறேன். பிரஷர் இருக்கு, அதுக்கு.”

நோட்டை வாங்கிப் புரட்டினார். எனக்கு இறங்கிய பிரஷர் அவருக்கு ஏறுவது முகத்திலேயே தெரிந்தது. பூக்காரம்மா எட்டிப் பார்த்து, தன் கூடையைக் காட்டி, “இது என்ன, ஆமையா?” என்றார். கூடையைப் பழைய இடத்துக்கே இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

மாஸ்டர் கடைசிப் பக்கத்தில் நின்றார். சார் அதற்குள் தம்பி ஆகியிருந்தேன்.

“ஏன் தம்பி, ஆறு வருஷமா இங்கதானே டீ குடிக்கறீங்க? நம்ம பாய்லருக்கு என்னிக்குப் பட்டை போட்டோம்?”

உள்ளே எட்டிப் பார்த்தேன். இருட்டிலும் பளிச்சென்று தெரிந்தது.

“நாமம் தம்பி, நாமம். மூணு நாள் டீக்கு எனக்குப் போட்டீங்களே, அதேதான்.”

45 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன். பெஞ்சை வெளியே தூக்கிப் போடுவதற்கு மறுமுனையையும் என்னைத்தான் பிடிக்கச் சொன்னார்.